முதல் ஓட்டம்: டத்தாரானா, பாலமா?

போன வாரம் அக்கா மகள் போன் போட்டாள். "மாமா, நான் ஓடப் போறேன். கேஎல்லுல பேர் கொடுக்கட்டுமா, பினாங்கு பாலத்துல கொடுக்கட்டுமா?" கேஎல் என்கிற கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறாள், கணக்கு எழுதும் வேலை. இதுவரை அவள் ஓடி நான் பார்த்தது எல்.ஆர்.டி. ரயில் கதவு மூடும் நேரத்தில் மட்டும்தான். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். கேள்வி சரியான கேள்வி. அதை யாரிடமும் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டவன் நான். கேஎல்லில் 10 கிலோமீட்டர், பினாங்குப் பாலத்தில் 21 கிலோமீட்டர் அரை மராத்தான், இரண்டும் ஓடியிருக்கிறேன். ஒன்றை ஒழுங்காக முடித்தேன். இன்னொன்றையும் முடித்தேன், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காட்சியில்தான் ஆரம்பிப்பார்கள். பாலம், கடல், விளக்கு வரிசை ஒரு பக்கம். சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அதன் மணிக்கூண்டு, கேஎல் ஓட்டம் கிளம்பும் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கம் மறுபக்கம். படம் எடுத்துப் போட இரண்டுமே அழகு. ஆனால் முதல் தடவை ஓடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: எத்தனை மணிக்குக் கிளப்பிவிடுகிறார்கள்?

பினாங்குப் பாலத்தில் முழு மராத்தான் நள்ளிரவு தாண்டி 1.30, 2 மணி வாக்கில் கிளம்பும். அரை மராத்தான் 3 மணி வாக்கில். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகும், அடிப்படை மாறாது. 3 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 2 மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். 2 மணிக்கு நிற்க 12.30-க்கு எழ வேண்டும். அப்படியானால் இரவு 7 மணிக்குப் படுக்கை. நம் வீடுகளில் யார் ஏழு மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள்?

நான் பாலத்துக்கு இக்கரையில், பெருநிலப் பக்கம் பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில் தங்கினேன். ஹோட்டல் காசு மிச்சம் என்று நினைப்பு. எத்தனையோ வருஷம் கழித்து வருகிறேன் என்று சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆறு மணிக்கு ஒருத்தன் நாசி கண்டார் வாங்கி வந்தான், குழம்பை நன்றாகக் கலந்து ஊற்றி, வெண்டைக்காயும் மீன் முட்டையும் வைத்து. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூங்கலாம் என்று பார்த்தால் கூடத்தில் பேச்சு ஓயவில்லை. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது: ஓட்டத்துக்காகப் பாலத்தில் வண்டிகளைத் தடுப்பார்கள், அதற்கு முன்பே நான் தீவுப் பக்கம் போயாக வேண்டும். பதினோரு மணிக்கே தம்பி என்னைக் கொண்டுபோய், ஓட்டம் கிளம்பும் குவீன்ஸ்பே பக்கம் இறக்கிவிட்டான். மூன்று மணி நேரம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏப்பம் விட்டால் கருவேப்பிலை வாசம். ஏழாவது கிலோமீட்டரில் அந்தக் குழம்பு தன் கணக்கைக் கேட்டது. விவரம் வேண்டாம்.

கேஎல்லில் நடக்கும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மராத்தானிலும் நீண்ட தூரக்காரர்கள் இருட்டில்தான் கிளம்புகிறார்கள். 10 கிலோமீட்டருக்கு அந்தத் தொல்லை குறைவு. விடியலை ஒட்டி ஓட்டம். செந்தூலில் இருக்கிறவள் வழக்கமாகத் தூங்கும் கட்டிலிலேயே தூங்கி, நாலரைக்கு எழுந்து, பழகிய கழிப்பறைக்குப் போய்விட்டு, காரில் பத்து நிமிடத்தில் வந்து இறங்கலாம். இதைப் பெரிதாக யாரும் சொல்வதில்லை. முதல் ஓட்டத்துக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை சொந்த வீட்டுக் கழிப்பறை.

இங்கே கடிகாரமும் ஓடுகிறவருக்குக் கொஞ்சம் சாதகம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால்தான் நமக்குச் சூரியன் எட்டிப் பார்க்க ஏறக்குறைய ஏழு மணி ஆகிறது. ஆறரைக்குக் கிளம்பி எட்டு மணிக்கு முடிப்பவருக்கு உச்சந்தலையில் வெயில் படுவது கடைசிக் கொஞ்ச நேரம்தான்.

வெயில் இல்லை என்பதால் குளிர்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது. விடிகாலையில் வெப்பம் 24, 25 டிகிரிக்கு இறங்கும்; காற்றில் ஈரமோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், சட்டை மார்போடு ஒட்டும், நாடித்துடிப்பு ஏறும். இந்த விஷயத்தில் பாலத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்: கடல் காற்று உண்டு. ஆனால் அந்தக் காற்று பின்னாலிருந்து வீசினால் அதுவும் நம்மோடு சேர்ந்து ஓடுகிறது, முகத்தில் படவே படாது. போகும்போது சுகமாக இருந்தது, திரும்பும்போது குக்கருக்குள் இருந்த மாதிரி இருந்தது எனக்கு.

சரி, பாதை. பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தது. மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 தண்ணீருக்கு மேலே. தட்டையாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏறக்குறைய உண்மை. நடுவில் கப்பல் போவதற்காக 30 மீட்டருக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள், கம்பி வடங்கள் தாங்கும் அந்தப் பகுதியை நோக்கி ஒரு நீண்ட, சலிப்பான ஏற்றம் இருக்கிறது. காரில் போகும்போது தெரியவே தெரியாது. காலுக்குத் தெரியும். அங்கே வேடிக்கை பார்க்கக் கரையில் யாரும் நிற்க முடியாது, சுற்றிலும் கடல்தானே. காலடிச் சத்தம், பக்கத்து ஆளின் மூச்சு, தூரத்தில் ஒன்றிரண்டு படகு விளக்கு. சிலருக்கு அது தியானம். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பங்களை எண்ணிய நேரம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். குவீன்ஸ்பே பக்கமிருந்து கிளம்பி 10 கிலோமீட்டரில் திரும்பி வர வேண்டுமென்றால் பாலத்தைக் கடப்பது நடக்காத காரியம். அக்கரை மண்ணை மிதித்துத் திரும்ப முழு மராத்தான் வேண்டும். பாலத்தின் நடுப்பகுதி வரையாவது பார்க்க அரை மராத்தான் வேண்டும். ஆக, பாலத்துக்காகப் பினாங்கு போகிறேன் என்கிறவர் தானாகவே 21 கிலோமீட்டருக்குத் தள்ளப்படுகிறார். முதல் ஓட்டத்துக்கு அது அதிகம் என்பது என் கட்சி. (2014-இல் மட்டும் இந்த ஓட்டத்தை அப்போது புதிதாகத் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு ஓடியவர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள், கேட்க ஒருவர் கிடைத்தால் விடமாட்டார்கள்.)

கேஎல் குன்றும் பள்ளமுமான ஊர். முழு மராத்தான் ஓடுகிறவர்களை உயர்த்திய நெடுஞ்சாலைகளில் ஏற்றி இறக்கிப் படாதபாடு படுத்துவார்கள். 10 கிலோமீட்டரில் அந்த அளவுக்கு இல்லை, ஏற்றம் உண்டு, நடந்தே ஏறினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஊருக்குள் ஓடுவதால் வளைவுக்கு வளைவு ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும், மனம் அதில் ஓடும். நான் ஓடியபோது என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து வழிய, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு கிலோமீட்டரில் அவரைத் தாண்டிப் போனேன். எட்டாவதில் அவர் என்னைத் தாண்டினார். தாண்டும்போது, "மொதல்ல வேகம் வேணாம் தம்பி" என்றார், மூச்சே வாங்காமல். தண்ணீர் மேசைப் பக்கம் தரையெல்லாம் நசுங்கிய காகிதக் கோப்பை. அதன் மேல் கால் வைத்து வழுக்கி, அவர் தோளைத்தான் பிடித்தேன்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கண்ட மேசையில் எல்லாம் நின்று குடிக்க வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரை போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நடுவில் ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி உப்பும் சர்க்கரையும் கலந்தது ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு எந்த ஊர் வசதி என்று கேட்டால், இருக்கும் ஊர்தான் வசதி. செந்தூல்காரிக்கு தித்திவங்சா ஏரி பக்கத்திலேயே. வேலை நகரத்துக்குள் என்றால் கேஎல்சிசி பூங்காவில் 1.3 கிலோமீட்டர் ரப்பர்த் தடம் இருக்கிறது, முட்டிக்கு மெத்தை போல. பினாங்கில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா, தாமான் பெலியா, கர்னி கடற்கரை. பாலத்தில் போய்ப் பழக முடியாது, அங்கே நடக்க யாரையும் விடுவதில்லை. கேஎல்காரர் தான் ஓடப் போகும் தெருவிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓடிப் பார்க்கலாம். இதுவும் கேஎல் பக்கம் ஒரு புள்ளி.

அவளிடம் நான் சொன்ன திட்டம் பெரிய வித்தை இல்லை. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வார இறுதியில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீளமாக. அந்த நீளத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். கடைசி வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்போது போய் விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஓடக் கூடாது. தைப்பூசத்துக்கு இவள் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை ரதத்தோடு நடந்தவள், அது ஏறக்குறைய 15 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. தூரம் அவளுக்குப் புதிதில்லை. மூச்சுதான் பழக வேண்டும்.

மாலையில் ஓடலாம் என்றால் கேஎல்லில் இடி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மின்னல் தெரிந்தால் மைதானத்தையும் ஏரிக்கரையையும் விட்டு உள்ளே வந்துவிட வேண்டும், அதில் வீரம் வேண்டாம். காலைதான் நம்பகமானது.

கேஎல்லுக்கு எதிராக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: புகைமூட்டம். 2013-இல் ஜூனில் நடக்க வேண்டிய ஓட்டம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2015 அக்டோபரில் அடியோடு ரத்து. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிமண்ணும் எரியும் மாதங்கள் பெரும்பாலும் ஆண்டின் நடுவிலிருந்து அக்டோபர் வரை. கேஎல் ஓட்டம் பல ஆண்டு அந்த வாலில்தான் வந்து விழுகிறது. பினாங்குப் பாலத்து ஓட்டம் நவம்பர், டிசம்பரில் என்பதால் அந்தக் கவலை குறைவு. பன்னிரண்டு வாரம் உழைத்துவிட்டு புகையில் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று 2015-இல் பதிந்திருந்த என் நண்பனைக் கேட்டால் இன்னும் திட்டுவான்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கேஎல்காரருக்குப் பினாங்கு என்றால் இ.டி.எஸ். ரயில், ஃபெர்ரி, ஓர் இரவு தங்கல், சாப்பாடு என்று பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகும். பினாங்குக்காரருக்கு அதுவே தலைகீழ். அவர் அங்கேயே 10 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போகட்டும், பாலம் அடுத்த ஆண்டும் அங்கேயேதான் இருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: தாமான்களிலும் பள்ளிகளிலும் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டங்கள். சின்னக் கூட்டம், கட்டணம் கம்மி, கடைசியில் நாசி லெமாக் பொட்டலம். பயந்தவர்கள் அதில் ஒன்றை முதலில் ஓடிப் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பெண் பயந்தவள் இல்லை, அதனால் நான் அதை வற்புறுத்தவில்லை.

ஆக, நான் சொன்னது இதுதான்: இந்த ஆண்டு கேஎல்லில் 10 கிலோமீட்டர். பாலத்தில் அரை மராத்தான் அடுத்தது, தீவுப் பக்கமே அறை எடுத்து, சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு. புது ஷூவை ஓட்ட நாளில் முதன்முறையாகப் போடாதே. அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாஸ்லின் தடவு, இல்லாவிட்டால் குளிக்கும்போது தெரியும். பிப்பை, அதாவது எண் அட்டையை, முதல் நாள் இரவே சட்டையில் குத்திவிடு. அந்த இருட்டில் ஊசியைத் தேடி விரலைக் குத்திக்கொள்ளாதே.

நேற்று வாட்ஸ்அப்பில் பதிவு ரசீது வந்தது. கேஎல், 10 கிலோமீட்டர். கீழே ஒரு வரி: "அடுத்த வருஷம் பாலம், நீங்களும் வரீங்க. சின்னப் பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."