ஆனைப்பாடிக் கூடாரத்தில் ஓர் இரவு: குடும்பத்தோடு பரம்பிக்குளம் போகிறவர்களுக்கு

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று பரம்பிக்குளம் காட்டைப் பற்றி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு நுழைந்து, வெயில் தாழ்வதற்குள் வெளியேறுகிறவருக்குக் கிடைப்பது தேக்குமரங்களும் தார்ச்சாலையும்தான். விலங்குகள் புல்வெளிக்கு வருகிற விடியலும் அந்தியும் உள்ளே தங்குகிறவர்களுக்கே சொந்தம். கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார், நான் என்று சென்ற தை மாதத்தில் அங்கே கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தோம். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு தங்கத் தகுந்த காட்டு இடம் என்று யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்களுக்கு அந்த இடத்தோடு ஓர் உறவும் உண்டு. உடுமலைப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலை நம்பி விவசாயம் செய்கிற குடும்பம் எங்களுடையது. காலையில் செய்தித்தாள் வந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், முதலில் கேட்பது பரம்பிக்குளம் எத்தனை அடி என்றுதான். அணையின் முழு மட்டம் 72 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் எங்கள் பாசன மண்டலத்துக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று வீட்டில் ஒரு தெம்பு பிறக்கும். வாழ்நாள் முழுவதும் அந்த எண்ணைப் படித்தவர் அணையைக் கண்ணால் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு யானை பார்க்க ஆசை, அத்தைக்கு அணை பார்க்க ஆசை. இரண்டும் ஒரே காட்டுக்குள் இருந்தது எங்கள் நல்ல காலம்.

காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்குப் போகும் சாலை தமிழ்நாட்டின் வழியாகத்தான் செல்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்து, அதன்பின் கேரளச் சோதனைச்சாவடியை அடைய வேண்டும். ஆகவே நுழைவுக் கட்டணம் இரண்டு இடங்களில். சேத்துமடையில் தமிழ்நாடு வனத்துறை, ஆனைப்பாடியில் கேரள வனத்துறை. வண்டிக்கும் ஆட்களுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். சில்லறையும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். உள்ளே கைப்பேசிக்கு அநேகமாகச் சிக்னல் கிடைக்காது. பெரியவர்கள் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் தங்கும் பதிவுச் சீட்டின் நகலும் காகிதமாகவே வேண்டும். திரையில் காட்டலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

தங்குமிடத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வார இறுதியும் பள்ளி விடுமுறையும் வெகு சீக்கிரம் நிறைந்துவிடும். நாங்கள் வார நடுவில் போனோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுப்பு எடுத்தது வீண்போகவில்லை. தங்குவதற்கு வகைகள் பல. ஏரிக்குள் வீட்டிக்குன்று தீவு, தூணக்கடவில் மரவீடு, ஆனைப்பாடியில் கூடாரங்கள். மரவீட்டுக்குப் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். ஏணிப்படியை நினைத்து நான் மறுத்துவிட்டேன். தீவுக்குப் படகில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கூடாரம்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சில அடி நடந்தால் போதும். தங்கும் கட்டணத்திலேயே சாப்பாடு, சஃபாரி, மூங்கில் பரிசல், வழிகாட்டி எல்லாம் அடங்கியிருந்தது. இதைத்தான் பெரிய வசதி என்பேன். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அங்கே யாரிடமும் பேரம் பேசும் வேலை இல்லை.

அமாவாசையை ஒட்டிய நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அன்று கூட்டம் நெரியும். ஊரைக் கடப்பதற்கே நேரம் போய்விடும். மற்ற நாட்களில் அம்மனை வணங்கிவிட்டு, அங்கேயே பலகாரம் வாங்கிக்கொண்டு, பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு மலையேறுவது நல்லது. இருசக்கர வாகனத்தில் போக அனுமதி இல்லை. சேத்துமடையில் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் கேட்டார்கள். எவர்சில்வர் சொம்பும் துணிப்பையுமாகப் போனால் அந்த நிறுத்தம் நிமிடத்தில் முடிந்துவிடும்.

கூடாரம் என்றதும் தரையில் பாய் விரித்துப் படுக்கும் ஏற்பாடு என்று அத்தை பயந்திருந்தார். போய்ப் பார்த்தால் உயர்த்திக் கட்டிய தளத்தின்மேல் தடித்த துணியில் பெரிய அறை, உள்ளே கட்டில், மெத்தை, பின்பக்கம் குளியலறையும் கழிப்பறையும். கழிப்பறைக்காக இரவில் வெளியே நடக்க வேண்டியதில்லை என்பதைப் பார்த்ததும் அத்தையின் முகம் தெளிந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதை ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு கூடாரம் எடுத்தோம். அத்தையோடு மகள் படுத்துக்கொண்டாள். துணிச்சுவரின் வலைச் சன்னலைச் சுருட்டிவிட்டால் காற்று நன்றாக வரும். ஆனால் மாலை மங்கியதும் கதவின் ஜிப்பைத் தரைவரை இழுத்து மூடிவிட வேண்டும். பண்டங்களைக் கூடாரத்தில் திறந்து வைக்கவும் கூடாது. குரங்குகளும் பன்றிகளும் மோப்பம் பிடித்து வந்துவிடும் என்று வந்தவுடனே எச்சரித்தார்கள். தை மாதக் குளிருக்குக் கொடுத்த போர்வை போதும். இருந்தாலும் அத்தைக்கு ஒரு கம்பளியும் காதை மூடத் துணியும் கொண்டுபோனது நல்லதாயிற்று.

பிற்பகல் சஃபாரி வனத்துறையின் சிறிய பஸ்ஸில் கிளம்பியது. எங்களோடு வந்த வழிகாட்டி மலசர் இனத்தைச் சேர்ந்த இளைஞர், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய நான்கு பழங்குடிகளும் இந்தக் காட்டுக்குள் வாழ்கிறார்கள். வழிகாட்டிகளும் பரிசல் தள்ளுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களிலிருந்துதான் வருகிறார்கள். இந்த இடத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார், அத்தைக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. ஓட்டுநருக்கு முன்பே இவர் கண்ணில் பட்டுவிடுகிறது. ஒரு வளைவில் கையை மட்டும் உயர்த்தினார், வண்டி நின்றது. மூங்கில் புதரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அம்மா, அந்தக் காய்ந்த மூங்கிலுக்குக் கீழே கால்களைப் பாருங்கள்" என்றார் அத்தையிடம். கீழே பார்த்தால் நான்கு வெள்ளைக் கால்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல. அதற்குமேல் கறுத்த பாறை ஒன்று மெல்ல அசைந்து காட்டுமாடாக ஆனது. மூக்கு ஈரமாக மின்னியது. காதை ஒருமுறை சிலுப்பிவிட்டு எங்களையே பார்த்தபடி அசைபோட்டது. மகன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டான். காட்டுமாட்டைத் தேட வேண்டுமானால் கால்களைத் தேட வேண்டும் என்ற பாடம் அன்று எல்லோருக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு மந்தையை மகளே முதலில் காட்டிக்கொடுத்தாள்.

புள்ளிமான்கள் ஆனைப்பாடியிலேயே கூடாரத்துக்குப் பக்கத்தில் மேய்கின்றன. வழியில் கடமான், மயில், கருமந்தி, மரத்தின் உச்சியில் மலை அணில் ஆகியவற்றைக் கண்டோம். யானையைத் தொலைவில் ஏரிக்கரையில் பார்த்தோம். புலி, சிறுத்தை என்று ஆசை காட்டிப் பிள்ளைகளை அழைத்துப்போகாதீர்கள். புலி இருக்கிற காடுதான். ஆனால் அது கண்ணில் படுவது அபூர்வம். இதை வீட்டிலேயே சொல்லி வைத்ததால் எங்கள் பிள்ளைகள் மலை அணிலுக்கே துள்ளினார்கள்.

தூணக்கடவுக்கு அருகில் கன்னிமாரா தேக்கு நிற்கிறது. ஏறத்தாழ 450 வயது, சுற்றளவு ஏழு மீட்டர் அளவுக்கு என்று சொல்கிறார்கள். உலகில் இன்று உயிரோடு நிற்கும் மிகப் பெரிய தேக்குகளில் ஒன்று. 1994-95-க்கான மகாவிருட்ச விருதும் அதற்குக் கிடைத்திருக்கிறது. வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து ரத்தம் வந்தது என்றும் அதனால் கன்னித் தெய்வமாக வணங்குகிறோம் என்றும் வழிகாட்டி சொன்னார். அத்தை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அருகே போனார். சுற்றிலும் நிற்கிற தேக்கெல்லாம் நட்டு வளர்த்தவை. இந்த ஒரு மரம் மட்டும் கோடரிக்குத் தப்பி நின்றது. இங்கிருந்து மரம் கொண்டுபோவதற்காகவே கொச்சி சமஸ்தானம் 1907 முதல் சாலக்குடி வரை ஒரு தண்டவாளப் பாதையை ஓட்டியது, பின்னாளில் அது நிறுத்தப்பட்டது. இந்தக் கதையை மகனுக்கு மரத்தடியில் நின்று சொன்னபோது, ரயிலில் போன மரங்களைவிட இது பெரியதா என்று கேட்டான்.

அணைக்கு வந்ததும் அத்தை நீண்ட நேரம் பேசவில்லை. நீராறு, சோலையாறு என்று மேலிருந்து வந்து சேரும் தண்ணீர் பரம்பிக்குளத்தில் நின்று, சுரங்கம் வழியாகத் தூணக்கடவுக்கு வந்து, மறுபடி சுரங்கத்தில் புகுந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, கான்டூர் கால்வாயில் மலையோரமாகவே ஓடித் திருமூர்த்தி அணையை அடைகிறது. அங்கிருந்துதான் எங்கள் வாய்க்கால். இதைக் கணவர் கையால் காற்றில் வரைந்து காட்டினார். கேரள மண்ணில் இருக்கும் இந்த அணையைப் பராமரிப்பது தமிழ்நாட்டு நீர்வளத் துறைக்காரர்கள் என்பதும் பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. 2022 செப்டம்பரில் மூன்று மதகுகளில் நடுவில் இருந்தது பெயர்ந்து தண்ணீர் நாள்கணக்கில் ஆற்றோடு போனபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மதகு எது என்று கேட்டு, அத்தை அதை மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை காட்டைத் தாண்டியா நம்ம தென்னைக்கு வருகிறது" என்று கேட்டார். பி.ஏ.பி. பாசனக்காரர்கள் குடும்பத்தோடு ஒருமுறையாவது இங்கே வர வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மூங்கில் பரிசலில் அத்தை ஏறவில்லை. கரையில் நிழல் இருந்தது, உட்கார்ந்துகொண்டார். மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம் அது. உயிர்காப்பு உடையைப் பிள்ளைகளின் அளவுக்கு இழுத்துக் கட்டிய பிறகே நகர்த்தினார்கள். ஏரியில் முதலைகள் உண்டு. தண்ணீருக்குள் கையை விடக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொன்னார்கள். பிள்ளைகளும் கேட்டார்கள்.

இரவுச் சாப்பாடு எளிமையானது. சப்பாத்தி, சிவப்பரிசிச் சோறு, சாம்பார், பொரியல், கேட்டவர்களுக்குக் கோழிக் குழம்பு. சூடாக, வயிற்றைக் கெடுக்காமல் இருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் காரம் சற்று அதிகம், தயிர் வாங்கிச் சரிசெய்தோம். சிறு குழந்தைகள் இருந்தால் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடைகள் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மருந்துக்கும் அப்படியே. அத்தையின் ரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு நாளுக்கு அதிகமாகவே எடுத்துப்போனோம்.

பழங்குடியினரின் பாட்டும் ஆட்டமும் முடிந்தபின் கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நண்பர் கூட்டம் கைப்பேசியில் சத்தமாகப் பாட்டுப் போட்டது. காவலர் வந்து ஒரே முறை சொன்னார், அணைத்துவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மலையில் காட்டோரத் தனியார் விடுதி ஒன்றில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி அலறியது, கேட்க ஆளே இல்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. காட்டுக்கு வந்து காட்டின் சத்தத்தைக் கேட்கவிடாமல் செய்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை. ஆனைப்பாடியில் அந்தக் காவலருக்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன். அவர் போன பிறகு மான்கள் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதும், துணிக்கு வெளியே ஏதோ ஒன்று புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தின்பதும் தெளிவாகக் கேட்டன. மகன் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஆனால் தூங்க மறுத்து, கேட்டுக்கொண்டே இருந்தான்.

விடியற்காலையில் வழிகாட்டியோடு சிறிது தூரம் நடந்தோம். தலைக்குமேல் பெரும் இரைச்சலோடு இருவாச்சி ஒன்று பறந்தது. இறக்கை வீசும் சத்தமே அத்தனை பெரிது. நடைக்கு அடர்ந்த நிற உடையும் மூடிய காலணியும் தேவை. மழைக்காலத்தில் போனால் அட்டைகள் மொய்க்கும், அந்தப் பருவத்தில் சிறு பிள்ளைகளோடு நடக்க நான் சொல்லமாட்டேன். கோடை தொடங்கும்போது ஏரிக்கரைக்கு விலங்குகள் அதிகம் வரும் என்றாலும், காட்டுத்தீ அச்சத்தால் சுற்றுலாவை நிறுத்திவைப்பதும் உண்டு. கார்த்திகை முடிந்து மாசி வருவதற்குள் போவது உத்தமம்.

குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் இல்லாமல் பொழுது போகாது என்பவர்கள் இங்கே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். கைக்குழந்தையோடு போவதையும் ஒத்திப்போடலாம், அவசரத்துக்கு மருத்துவமனை என்றால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும். ஐந்தாறு வயது கடந்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறை எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது ஆனைப்பாடியில் பழங்குடியினர் எடுத்த தேனை வாங்கிக்கொண்டோம். திரும்பும் வழியில் டாப்சிலிப்பில் இறங்கினால், கோழிக்கமுத்தி யானைகள் முகாமுக்கு வனத்துறை வண்டியில் அழைத்துப்போகிறார்கள். முகாமின் கும்கி கலீம் 2023-இல் ஓய்வு பெற்றுவிட்டது. யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தை முதல் நாள் மேலே போகும்போதே டாப்சிலிப் வரவேற்பு மையத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கூடாரத்தைக் காலி செய்யுங்கள்.