மின்ட்டா, ஃபெடோராவா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கணக்கெழுதும் பழைய லேப்டாப் என்றால் விண்டோஸ் 11 பெரும்பாலும் முறைப்படி ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், புதிய பிராசஸர் எல்லாம் கேட்கும். அதற்காக நல்ல மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். சரி, லினக்ஸின் பல வகைகளில் எது, மின்ட்டா, ஃபெடோராவா?

என் ஓட்டு மின்ட்டுக்குத்தான். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு; ஒரு பதிப்புக்கு ஆயுள் சுமார் 13 மாதம்தான். ஒவ்வொரு முறை பதிப்பு மாற்றும்போதும் ஜிபி கணக்கில் இறங்கும். சேலத்தில் ஃபைபர் இருந்தால் கவலையில்லை. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம், ஜன்னலோரம் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போடுகிறவருக்கு அது பெரிய பாடு. ரேம் 4 ஜிபி என்றால் மின்ட்டின் லேசான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

பாதுகாப்பில் ஃபெடோரா ஒரு படி மேல். எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் முதல் நாளிலிருந்தே இயங்கும். டிஸ்க்கைப் பூட்டும் என்கிரிப்ஷனும் நிறுவும்போதே கண்ணெதிரே வரும். மின்ட்டில் அது ‘மேம்பட்ட வசதிகள்’ பட்டனுக்குள் ஒளிந்திருக்கும்; தேடிப் பிடித்து டிக் செய்தே ஆகவேண்டும். டிஸ்க் பூட்டியிருந்தால்தான், பஸ்ஸில் லேப்டாப் பை தொலைந்தாலும் வாடிக்கையாளர் விவரம் வெளியே போகாது.

புது லேப்டாப், நல்ல இணைப்பு, கற்கும் ஆசை மூன்றும் இருந்தால் தயங்காமல் ஃபெடோரா. எதுவானாலும் முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.