பட்டித் தூசி: உலர் தேய்ப்பா, ஈர ஸ்பாஞ்சா, குழாய் வைத்த கட்டையா?

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்அறையை ஜிப்சம் போர்டு வைத்து இரண்டாகத் தடுத்தோம். போர்டு அடிக்க ஒன்றரை நாள் ஆனது. இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி (இணைப்பை மூடிச் சமமாக்கும் பூச்சு) பார்க்க இரண்டு நாள். அந்தப் பட்டியை உப்புத்தாளால் தேய்த்தது ஒரே ஒரு காலை நேரம்தான், ஆனால் அன்று கிளம்பிய தூசியை மூன்று வாரம் துடைத்தோம். மேல் அலமாரிக் கம்பளிகளை உதறினால் இன்றும் வெள்ளையாகப் பறக்கிறது. அதனால் அடுத்த அறைக்கு முன் மற்ற வழிகளையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

போர்டு இணைப்புக்குப் போடும் பட்டியில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் தூள். சிலவற்றில் டால்க், மைக்கா, கொஞ்சம் சிலிக்காவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் துகள் தரையில் விழுந்துவிடும். தெரியாததுதான் நுரையீரல் வரை போகும். எனவே எந்த வழியில் போனாலும் என்95 மாஸ்க் வேண்டும், முகத்தோடு ஒட்டியபடி. தாடி இருந்தால் அது ஒட்டாது. மூக்கைச் சுற்றிக் கர்சீப் கட்டுவதை மாஸ்க் என்று சொல்லாதீர்கள்.

முதலில் செய்தது வழக்கமான முறை: உலர்ந்த தாள், வாசலில் தொங்கும் ஷீட், ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு ஃபேன். செலவு குறைவு. ஆனால் எங்களைப் போன்ற பழைய வீடுகளில் சீலிங் ஃபேனே கிடையாது. டேபிள் ஃபேனை ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கினேன். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அறை வேறெங்கிருந்தாவது காற்றை இழுக்கும் அல்லவா? நான் எதிர் ஜன்னலைத் திறக்கவில்லை, மூடுபனி உள்ளே வரும் என்று. அறை கணப்பின் புகைபோக்கி வழியாக இழுத்தது. வெள்ளைத் தூசியின் மேல் கரி இறங்கியது. பலகைத் தரையின் இடுக்குகளில் இரண்டும் சேர்ந்து போய் உட்கார்ந்துவிட்டன. கணப்பு இருக்கும் அறையில் முதலில் அதன் வாயைத் துணி வைத்து அடையுங்கள், எதிர் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள்.

அடுத்தது ஈர ஸ்பாஞ்ச். தூசி ஏறக்குறைய இல்லை. ரெடிமிக்ஸாக வாளியில் வரும் போர்டுப் பட்டி தண்ணீரில் கரையும், அதுதான் சூட்சுமம். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து வட்டமாக இழுத்தால் மேடு கரைந்து வழுவழுப்பாகிறது. அழுத்தினால் மேட்டோடு நிற்காமல் பள்ளமும் விழும். போர்டின் காகித முகம் ஊறினால் நார் எழும்பும். மூலைகளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம்முடைய சுவர்களில் போடும் வெள்ளை சிமெண்ட் பட்டி இறுகிவிட்டால் தண்ணீரில் கரையாது, அங்கே ஸ்பாஞ்ச் செல்லாது. காய்வதும் இங்கே தனிக் கதை. ஜனவரியில் ராத்திரி தாண்டினால் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர், நவம்பரில் நான்கு நாள் கழித்தும் சுவர் சில்லென்று இருந்தது. பார்க்க வந்த பெயிண்டர் அண்ணன் கையை வைத்துவிட்டு, "இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா பொக்குளம் வரும் தம்பி, விட்ருங்க" என்றார்.

மூன்றாவது, வேக்குவம் கிளீனர் குழாய் மாட்டும் தேய்ப்புக் கட்டை. அதில் தாளுக்குப் பதில் வலை போன்ற உரசுதாள், துளை வழியாகத் தூசி உள்ளே போகும். அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு அமைப்பான நியாஷ் 1999-இல் வெளியிட்ட குறிப்பில், இப்படி உறிஞ்சும் கருவிகள் தூசியை 80 முதல் 97 சதவீதம் வரை குறைப்பதாகச் சொன்னது. என் கண்ணுக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு நிபந்தனை உண்டு. வீட்டில் வைத்திருக்கும் துணிப்பை வேக்குவம் நுண்தூசியை முன்பக்கம் இழுத்துப் பின்பக்கம் ஊதிவிடும். 0.3 மைக்ரான் துகளை 99.97 சதவீதம் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள்.

நீண்ட கழுத்து மின்சாரத் தேய்ப்பான் பெரிய ஹாலுக்குச் சரி. இரண்டு அறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு ஏற்றி வருவது வீண். மழைக்காலத்தில் கரண்ட் போனால் சும்மா கிடக்கும்.

இவை எல்லாமே புதுப் பட்டிக்கு மட்டும்தான். பழைய பங்களாவின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் உப்புத்தாளை வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது அறையில் சமதளத்துக்குக் குழாய்க் கட்டை, மூலைக்கு ஸ்பாஞ்ச். மாதம் பிப்ரவரி. துடைத்து முடிக்க ஒரு மாலை போதுமாக இருந்தது. வேக்குவம் டப்பாவைக் கொட்டும்போது மட்டும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, என் கேரட் பாத்திக்கு நீங்களே சுண்ணாம்பு தூவிட்டீங்களா?"