வெள்ளெழுத்துக்கு எது சரி: ரீடிங் கிளாஸா, பைஃபோகலா, புரொக்ரெஸிவா?

நாற்பதைத் தாண்டியவர் செல்போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தால் பெரும்பாலும் அது வெள்ளெழுத்துதான். கண்ணாடிக் கடையில் மூன்று வகை எடுத்துக் காட்டுவார்கள். விலையிலோ பல மடங்கு வித்தியாசம். எது உசத்தி என்று கேட்கும் முன், கண்ணுக்குள் எது குறைந்துபோனது என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

விழி லென்ஸைச் சுற்றி வளையமாக சிலியரித் தசை இருக்கிறது. இரண்டையும் மெல்லிய இழைகள் இணைக்கின்றன. தூரத்தில் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். இழைகள் விறைப்பாக இழுப்பதால் லென்ஸ் தட்டையாக இருக்கும். ஊசியில் நூல் கோக்கக் குனிகிறோம், தசை சுருங்குகிறது. தசை சுருங்கினால் இழை இறுகும் என்றுதான் தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. வளையம் சிறுத்து உள்நோக்கி வருவதால் இழைகள் தொய்கின்றன. பிடி விட்ட லென்ஸ் தானே உப்பிப் பவரைக் கூட்டிக்கொள்கிறது. 1855இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன இந்த விளக்கம்தான் இன்றும் பெரும்பாலோர் ஏற்பது.

லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்கிறது. வெங்காயம் போல வெளியே புதுப்புது அடுக்குகள் சேர, பழையவை உதிராமல் உள்ளேயே இறுகுகின்றன. ஐம்பது வயதிலும் தசை சுருங்கத்தான் செய்கிறது. லென்ஸ்தான் உப்ப மறுக்கிறது. அதனால் ‘கண் பயிற்சி செய்தால் கண்ணாடி வேண்டாம்’ என்ற வீடியோக்களை நம்பிப் பயனில்லை.

ஹோஃப்ஸ்டெட்டர் என்பவரின் கணக்கு ஒன்று உண்டு. 15இலிருந்து வயதில் கால் பங்கைக் கழித்தால், அந்த வயதில் கண் குறைந்தபட்சம் எவ்வளவு பவர் கூட்டிக்கொள்ளும் என்பது டயாப்டரில் (லென்ஸ் பவரின் அலகு) வரும். 20 வயதில் 10, 40இல் 5, 50இல் 2.5, 60இல் பூஜ்யம். 40 செ.மீ. தள்ளி வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். கையிருப்பு முழுவதையும் செலவழித்து நெடுநேரம் படிக்க முடியாது, அதனால்தான் நாற்பதுகளின் நடுவிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஆக, போனது தூரத்துக்குத் தூரம் மாற்றிக்கொள்ளும் வசதி. அதை முழுதாகத் திருப்பித் தரும் கண்ணாடி எதுவும் இல்லை.

ரீடிங் கிளாஸ் ஒரே ஒரு தூரத்தைத் தரும். போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எதிர்ச்சுவர் மங்கும். ஆனால் அந்த ஒரு தூரத்தில் லென்ஸ் முழுக்கத் தெளிவு, விலையும் குறைவு. அசாம் தேயிலைத் தொழிலாளர்களில் நாற்பதைக் கடந்தவர்களுக்கு இலவசமாகக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்களின் இலை பறிப்பு 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. தையல்காரருக்கும் பூக்கட்டுபவருக்கும் இதுவே போதும். அவர்களிடம் புரொக்ரெஸிவைத் தள்ளிவிடுவது அநியாயம்.

பைஃபோகலில் மேலே தூரம், கீழே கிட்டம். டிக்கெட்டையும் பயணிகளையும் மாறி மாறிப் பார்க்கும் நடத்துநருக்குக் கச்சிதம். நடுவே கோடு தெரிவதால் ‘கிழட்டுக் கண்ணாடி’ என்று பலரும் ஒதுக்குகிறார்கள்; என் கணக்கில் கோடு ஒரு குறையே இல்லை. உண்மையான குறை, அறுபது எழுபது செ.மீ. தள்ளியிருக்கும் கம்ப்யூட்டர் திரை. பவர் ஏற ஏற அது இரண்டு பகுதியிலும் சரியாகத் தெரியாது. தலைக்கு மேலே வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தொல்லைதான், கிட்டப் பவர் கீழே அல்லவா இருக்கிறது!

அந்த நடுத்தூரத்துக்காகவே புரொக்ரெஸிவ். பவர் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகக் கூடும். அலுவலகத்தில் திரை, காகிதம், எதிரே ஆள் என்று மாறுபவர்களுக்கு இதுதான் என் தேர்வு. ஆனால் கீழ்ப்பகுதியின் இரு பக்கமும் மங்கலாக, நெளிவாகத் தெரியும். எத்தனை விலை கொடுத்தாலும் அது குறையுமே தவிர முற்றிலும் போகாது. கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்பிப் பழக வேண்டும். ஃபிரேமை உங்கள் முகத்தில் மாட்டி, கண்மணிக்கு நேரே மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து உயரம் அளக்காத கடையில் இதை வாங்காதீர்கள். அப்புறம், பைஃபோகலோ புரொக்ரெஸிவோ, படியிறங்கும்போது தாடையைத் தாழ்த்திப் பாருங்கள். இல்லாவிட்டால் படி கிட்டப் பவர் வழியாக மங்கித் தெரியும்.

வெள்ளெழுத்துக்கென்று பைலோகார்பைன் சொட்டு மருந்தும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2021இல் அனுமதி கிடைத்தது. அது லென்ஸை இளக்குவதில்லை. கண்மணியைச் சுருக்கிச் சிறு துளை வழியாகப் பார்க்க வைக்கிறது, அவ்வளவுதான். சில மணி நேரத்தில் வேகம் குறையும், மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறும். தினமும் கண்ணாடி மாட்டுவதற்கு இது மாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

விலையைப் பொறுத்து இன்னொன்று: நாற்பத்தைந்தில் வாங்கும் பவர் நிற்காது, அறுபதுவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறும். முதல் புரொக்ரெஸிவிலேயே கடையின் உச்ச விலை ரகத்துக்குப் போகாமல், நடுத்தர ரகத்தில் தொடங்கினால் அடுத்த மாற்றம் உறைக்காது.