சவுக்கு விறகு: கடையில் வாங்குவது கட்டையா, தண்ணீரா?

சென்னையில் கல்யாணச் சமையலும் தம் பிரியாணியும் இன்னும் சவுக்கை விடவில்லை. கட்டைக்கு அடர்த்தி அதிகம். ஒருமுறை பிடித்தால் தணல் நெடுநேரம் நிற்கும், தேக்சா (பிரியாணி அண்டா) மூடிமேல் அள்ளிப் போடக் கங்கும் கெட்டியாகக் கிடைக்கும். எரிபொருளாக அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் விற்கும் விதத்தில்.

விறகுத் தொட்டியில், அதாவது விறகுக் கடையில், பிளந்த விறகு, உருட்டுக் கட்டை, வேர்க்கட்டை, மிலாறு (சுள்ளி) என்று எது வாங்கினாலும் எடைக் கணக்குதான். வெட்டிச் சில நாளே ஆன கட்டையில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 400 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கவே கிலோ தண்ணீருக்குச் சுமார் 600 கிலோகலோரி வீணாகும். மிஞ்சி அடுப்புக்குக் கிடைப்பது, கட்டை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2,450 கிலோகலோரி. ஈரம் 15 சதவீதமாகக் காய்ந்த கட்டையோ 3,700 தரும். ஆக, காய்ந்த விறகு விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுத்துப் பச்சை விறகு வாங்கினால் நட்டம். பேரம் பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

வேறு மரமாக இருந்தால் புகைந்து காட்டிக்கொடுத்துவிடும். சவுக்கு பச்சையாகவே எரியும். ஏமாறுவது இங்கேதான். அடுப்பு எரிகிறது, யாரும் சந்தேகப்படுவதில்லை; ஆனால் இரண்டு தேக்சாவுக்குப் போதுமென்று இறக்கிய விறகு ஒன்றரையோடு தீர்ந்துவிடும். எரியும் கட்டையின் மறுமுனையில் நுரை தள்ளினால் அது பச்சை. லோடு இறங்கும்போதே இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள்: காய்ந்தது ‘டங்’கென்று ஒலிக்கும், பச்சை ‘தொப்’பென்று அடங்கும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து ஆரக்கால்போல் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். ஈரமானி வைத்திருப்பவர்கள் பட்டைமேல் குத்தக்கூடாது. கட்டையைப் பிளந்து, புது முகத்தில் குத்த வேண்டும். கருவி காட்டும் சதவீதம் பெரும்பாலும் ஈரம் நீங்கிய கட்டையின் எடையை வைத்துக் கணக்கிட்டது. அது 25 என்றால், மொத்த எடையில் ஈரம் 20தான்.

சரக்கு வரும் இடத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் கடலோர மணலில் நெருக்கி நட்டு, மூன்று நான்கு வருடத்தில் வெட்டும் தோப்புகள் இவை. பழைய முறையில் மீட்டருக்கு ஒரு கன்று, ஏக்கருக்குச் சுமார் 4,000. குளோன் கன்றுகளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 1,800 அளவில். நேரான அடிமரம் காகித ஆலைக்கும் சாரக் கம்புக்கும் போக, மிஞ்சியதுதான் விறகு. எனவே ஒரே லோடில் மணிக்கட்டுப் பருமனும் தொடைப் பருமனும் கலந்து வரும். 3 அங்குலத்துக்கு மேற்பட்டதைப் பிளந்தே தரச் சொல்லுங்கள். முழுக்கட்டை பட்டைக்குள்ளேயே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

வேர்க்கட்டைக்குத் தணல் அபாரம். ஆனால் இடுக்கில் அடைந்த மணலும் எடையில் ஏறும், பிளப்பதற்குள் கோடாலி மழுங்கும். தட்டி உதறாமல் தராசில் ஏற்ற விடாதீர்கள். மிலாறு பற்றவைக்க மட்டும். உண்மையில் அது தோப்பிலேயே கிடக்க வேண்டியது. வேர் முடிச்சிலுள்ள ஃபிராங்கியா நுண்ணுயிர் தழைச்சத்தைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிலாறோடு லாரி ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் கூட்டிப் பெருக்கி எடுத்தால் மணல் நிலம் தாங்காது.

மரத்தூளை அழுத்திச் செய்த கட்டியான பிரிக்கெட்டையும் இப்போது மாற்றாகச் சொல்கிறார்கள். ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் சூடு சீராக வரும். பாய்லருக்கு நல்ல சரக்கு. திறந்த அடுப்புக்கு அவ்வளவு ஒத்துவராது. கிளறினால் உதிரும், கங்கு நிற்காது. வாங்குவதாக இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். இறுக்கமாக அழுத்தியது சட்டென மூழ்கும். எரித்தபின் சாம்பல் மிகுந்தால் உமி கலந்திருக்கலாம்.

கார்த்திகை, தை முகூர்த்தங்களுக்கு வேண்டியதைச் சித்திரை, வைகாசியிலேயே வாங்கிப் பிளந்து அடுக்குவது நல்லது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் செங்கல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை. தார்ப்பாய் மேலே மட்டும் போதும். பக்கத்தையும் இழுத்து மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.