பயிற்சி முகாமில் மகள்: தபாலா, கூரியரா, நேரில் போவதா?

மகள் ராணுவப் பயிற்சிக்குப் போன மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நலமெல்லாம் இரண்டே வரி. மீதிப் பக்கம் முழுக்கப் பட்டியல்: காலுறை நான்கு ஜோடி, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், கறுப்பு ஹேர்பின், ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு. அன்று தொடங்கி, பயிற்சி முடிவதற்குள் எல்லா வழியிலும் அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

முதலில் கூரியரைத்தான் நம்பினேன். சீக்கிரம் போய்ச் சேரும், எங்கே இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். ஆனால் அந்த வேகமெல்லாம் முகாம் வாசல் வரைதான். கொண்டு வருபவரை உள்ளே விடமாட்டார்கள். அவர் மகளுக்குப் போன் செய்வார். அவள் போனோ பயிற்சியாளரிடம் பூட்டிக் கிடக்கும். என் பெட்டி இரண்டு முறை வாசலைத் தொட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்தது. இந்தியாவின் 56 ஏபிஓ, அமெரிக்காவின் ஏபிஓ மாதிரி ராணுவத் தபால் முகவரி கொடுத்திருந்தால் தனியார் கூரியர் அங்கே போகவே போகாது.

கட்டணமும் கவனிக்க வேண்டியது. கூரியரில் பெரும்பாலும் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 40க்கு 30க்கு 30 அளவுப் பெட்டியில் மூன்று கிலோ துணி வைத்தாலும் 7.2 கிலோவுக்குக் காசு கேட்பார்கள்.

தபால் மெதுவாகத்தான் போகும். ஆனால் முகாமுக்குள் நுழைய அதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. மொத்தமாக ஓரிடத்துக்கு வந்து, கம்பெனி, அதற்குள் பிளட்டூன் என்று படைப்பிரிவு வாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படும். அதனால் பெயரோடு பயிற்சி எண், கம்பெனி, பிளட்டூன் மூன்றையும் விடாமல் எழுதுங்கள். பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, ஸ்பிரே டப்பா எதையும் விமானத்தில் போகும் தபாலில் வைக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெட்டியை அவள் தனியாகப் பிரிக்கப் போவதில்லை. பல முகாம்களில் பயிற்சியாளர் முன்னால், மேசை மேல், ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் மற்றவர்கள் நிற்பார்கள். உள்ளாடை, நாப்கினை எல்லாம் அடர்நிறத் துணிப்பையில் தனியாகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டை மேலாக வைத்துவிட்டால் சோதனை சட்டென்று முடியும். முதல் பெட்டியில் எனக்கு இது தோன்றவில்லை, இன்றும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது. மாத்திரைகளை நாமாக அனுப்பவே வேண்டாம். முகாம் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

பணமாக அனுப்புவதில் அலைச்சல் இல்லை. சோப்பு, பேஸ்ட், ஷூ பாலிஷ் எல்லாம் உள்ளே கேன்டீனிலேயே கிடைத்தால் அதுவே போதும். பெண்களுக்கான பொருள்களில் அளவும் வகையும் கிடைக்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போவதற்குப் பார்வையாளர் நாள் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் பயணச் செலவு. ஆனாலும் ஷூ மாதிரிப் பொருளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தினமும் ஓடி, சுமை தூக்கி நடந்த பாதம் வீங்கி இருக்கும், வீட்டில் இருந்த அளவு சரிவராது. என் மகள் அன்று காலுறையோடு மாட்டிப் பார்த்து, நான் கொண்டுபோன ஷூவைத் திருப்பித் தந்துவிட்டாள். கூடவே நான் முன்பு அனுப்பியதில் பாதியையும் பையில் போட்டுக் கொடுத்தாள். "அம்மா, வைக்க இடமே இல்லை. ஒரு சின்ன அலமாரி, அதையும் தினம் திறந்து பார்ப்பாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஷூ டப்பா அளவுப் பெட்டியைத் தாண்டியதில்லை. மாதம் ஒன்று, தபாலில் மட்டும். காலுறையில் பருத்தியை விட்டுவிட்டுக் கம்பளி கலந்ததாகத் தேர்ந்தெடுத்தேன். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளத்தைக் கூட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் தபால்தலை ஒட்டி, நம் வீட்டு முகவரி எழுதிய உறை இரண்டு வைப்பேன். அவளிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த உறைகளில்தான் வந்தன.