அப்பாவின் வேதாகமத்துக்குப் புது அட்டை: பாளையங்கோட்டை பாய் கடை

பழைய வேதாகமத்தை நம்பிக் கொடுக்க ஒரு பைண்டிங் கடை தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானே இரண்டு மாதம் தேடினேன்.

முதலில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் துளை போட்டு நூல் கோத்து, மூன்று ஓரமும் கட்டிங் போட்டு, நாளைக்கே தருகிறோம் என்றார்கள். அப்படித் தைத்தால் புத்தகம் விரித்து வைத்தால் நிற்காது, நடு ஓரத்து எழுத்தும் உள்ளே போய்விடும். அதைச் சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்றார்கள். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் சொல்லி, பாளையங்கோட்டைக்குப் போனேன். மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டி 1826இல் பிரதிஷ்டை செய்த ஊசிக்கோபுரம் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஷட்டர் அகலம், உள்ளே திருகு வைத்த பழைய பிரஸ், மைதா பசை வாசம். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அறுபதைத் தாண்டியவர்.

நான் கொண்டுபோனது என் அப்பாவின் வேதாகமம். 1963இல் அவர் கல்யாணத்துக்குச் சபையார் கொடுத்தது. முன்னட்டை தனியாகக் கழன்றுவிட்டது, ஆதியாகமத்தில் பாதி இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் என் மகனுக்குக் கல்யாணம், அவனுக்கும் மருமகளுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

பாய் வேலை செய்கிற விதத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முதுகில் ஒட்டியிருந்த பழைய பசையை ஈரத்துணி போட்டு ஊறவைத்து, மழுங்கின கத்தியால் சுரண்டி எடுத்தார். பழைய நூலை ஒவ்வொரு முடிச்சாக அறுத்து, பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்த தாள்களை ஒவ்வொரு கட்டாக, பிரித்தார். மடிப்பு கிழிந்த இலைகளுக்கு மெல்லிய தாளைப் பட்டையாகக் கிழித்து ஒட்டினார். கத்தரியால் வெட்டினால் ஓரம் தடிப்பாகத் தெரியும், கையால் கிழித்தால் தெரியாதாம். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கிறார். பிறகு ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பின் நடுவில் ஊசி விட்டுத் தைக்கிறார். இதுதான் முக்கியம். இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாலும் கை எடுத்த பிறகும் அப்படியே விரிந்து கிடக்கிறது.

நான்காம் நாள் போன் வந்தது. "டீச்சர், ஓரத்துல பென்சில் எழுத்து இருக்கு. கட்டிங் போட்டா பாதி போயிரும். நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

போனேன். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம். "தீமைசெய்ய திரளானபேர்களைப் பின்பற்றாதே" என்கிற வசனத்துக்கு நேரே அப்பாவின் கையெழுத்து. மேலே, "1963. ஒன்றும் கேட்கவில்லை." அதற்குக் கீழே வேறு பென்சிலில், "1989. கேட்டார்கள். கொடுத்தேன். கர்த்தாவே, மன்னியும்."

1989 என் கல்யாணம். நாற்பது பவுனும் ரொக்கமும் கேட்டார்கள், அப்பா முதலூரில் இருந்த விளையை, அதாவது தோட்ட நிலத்தை, விற்றார். விற்றது எனக்குத் தெரியும். கொடுத்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்டு எழுதி வைத்திருந்தது தெரியாது. அந்த இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்ததால் யாரும் பார்க்கவில்லை. பாய் பிரித்திருக்காவிட்டால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

முதலூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்களை அவரவர் ஊரில் இருக்கவிடாமல் அடித்துத் துரத்தியபோது, தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேற்றிய ஊர் அது. வருஷம் 1799. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர், அதனால்தான் அந்தப் பெயர். ஊரோடு ஒத்து வாழ்ந்திருந்தால் முதலூர் என்று ஓர் ஊரே இருந்திருக்காது. அந்த ஊர்க்காரருடைய பேரப்பிள்ளைகளான நாம் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராதித்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்று "என்ன போடுறாங்க?" என்று விசாரிக்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குகிறவர், கொடுக்கிறவர் இரண்டு பேர் மேலும் குற்றம்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நிறுத்திய ஒரு வீட்டையும் நான் பார்த்ததில்லை.

மகனுக்குப் பெண் பேசும்போது நாங்களும் தடுமாறினோம், மறைக்கவில்லை. என் நாத்தனார் சொன்னாள்: "ஊரோடு ஒத்துப் போகணும் மைனி. நாம ஒண்ணும் கேக்கலைன்னா பையனுக்கு ஏதோ குறைன்னு நெனைப்பாங்க." இன்னொருவர், "நாம கேக்க வேண்டாம், அவங்க பிள்ளைக்கு அவங்க போடுறதை வேண்டாம்னு சொல்லவும் வேண்டாம்" என்று வழி சொன்னார். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஓடுகிற வழி இதுதான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

அன்றைக்குப் பாய் கடையில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வந்து என் கணவரிடம் காட்டினேன். 1989இல் அவருக்கு 27 வயது, பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சம்பந்தி வீட்டுக்கு நாளைக்கே போவோம்" என்றார். போனோம். ரொக்கம் வேண்டாம், எத்தனை பவுன் என்ற பேச்சு வேண்டாம், விருந்துச் செலவு பாதிக்குப் பாதி என்று சொன்னோம். பெண்ணின் அப்பா சந்தோஷப்படவில்லை, பயந்தார். பையனுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த போட்டோவை அவர் கையில் கொடுத்தேன், அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது. சபையில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாவது தடவை வாசித்த அன்று இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள்.

சரி, கடை விஷயம். கட்டிங் வேண்டாம் என்று சொன்னேன். ஓரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று எச்சரித்தார். இருக்கிறது, எனக்குக் கவலையில்லை. ரெக்சின் அட்டை என்றால் 650 ரூபாய், ஆட்டுத்தோல் என்றால் 1,400. தோல்தான் போட்டேன், கைக்கு மெத்தென்று இருக்கிறது. நான் கேட்டதால் புத்தகத்தின் முன்பக்கம் இரண்டு வெற்றுத் தாளும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார், பிள்ளைகள் பிறந்தால் பெயர் எழுத.

குறை என்றால், பத்து நாள் என்று சொல்லிப் பதினெட்டு நாள் ஆக்கினார். முதுகில் தங்க எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ரிப்பன் குட்டை, நான் வேறு வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். நான் ஒரு முறை போனபோது காலேஜ் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் புராஜெக்ட் பைண்டிங்குக்கு நின்றார்கள், அன்றைக்கே கொடுக்க வேண்டுமாம், கூடுதல் பணம் தருகிறோம் என்று கெஞ்சினார்கள். பாய் கையைக் கழுவித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினார். "தொழுதுட்டு வந்து போட்டுத் தாரேன், நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். இரண்டு மணிக்கு வந்துவிட்டார்.